பெட்டிசம் எழுத வந்திருக்கும் புதிய ஆள்



கல்முனையில் சனிக்கிழமைகளில் நடக்கும் எழுத்துப் பயிற்சி வகுப்பில் நானும் சேர்ந்திருக்கிறேன் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். "இந்த வயதில் உங்களுக்கு என்ன ராத்தா படிப்பு?" என்று கேட்டு இரண்டு பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். இன்னொரு சகோதரி, "செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, அது என்ன? எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் என்ன பிரயோசனம்?" என்று கேட்டிருக்கிறார். இம்மாதம் அவருடைய கேள்விக்கே பதில் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னர் 1991 ஆம் ஆண்டில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் கணவர் 1990 இல் மருதமுனையிலிருந்து சாறன் விற்கப் போனவர். மட்டக்களப்புப் பக்கம் போனார். திரும்பி வரவில்லை. அந்த நேரம் நான் வீட்டில் தறியில் இருந்தேன். அவரை யார் மறித்தார்கள், எந்த இடத்தில் மறித்தார்கள் என்பதை நான் காணவில்லை. மற்றவர்கள் சொல்லக் கேட்டதுதான். சொன்னவர்களும் ஆளுக்கொரு விதமாகத்தான் சொன்னார்கள்.

அடுத்த வருடம், மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம் அனுப்பினால் ஏதாவது தகவல் கிடைக்கும் என்றார்கள். பெட்டிசம் எழுதும் ஒருவரிடம் போனேன். நான் தமிழில் அழுதழுது சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் டைப் அடித்தார். "கையெழுத்து வையுங்க தங்கச்சி" என்று பேப்பரை நீட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. படித்த மனிதர், நமக்கு நல்லதைத்தானே எழுதியிருப்பார் என்று கையெழுத்து வைத்தேன்.

பல வருடங்களின் பின்னர் நட்டஈடு சம்பந்தமான ஒரு விசாரணைக்கு என்னை அழைத்தார்கள். அங்கிருந்த அதிகாரி பழைய பைலைப் புரட்டிவிட்டு, "உங்கள் முதல் கடிதத்தில் கணவரை வீட்டிலிருந்து கொண்டு போனதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது ரோட்டில் என்கிறீர்கள். எது உண்மை?" என்று கேட்டார். நான் திகைத்துப் போனேன். நான் வீடு என்று சொல்லவேயில்லை. "கையெழுத்து உங்களுடையதுதானே?" என்றார். என்னுடையதுதான். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஒரு வரியால் என் பைல் இன்னும் எத்தனையோ காலம் மேசையிலேயே கிடந்தது.

பெட்டிசம் எழுதியவர் கெட்டவர் அல்லர். அவர் எழுதிய பத்துப் பெட்டிசங்களில் எட்டு, வீட்டிலிருந்து கொண்டு போன கதையாக இருந்திருக்கும். ஒன்பதாவதையும் அப்படியே எழுதிவிட்டார். அவ்வளவுதான்.

இனி வகுப்புக்கு வருகிறேன். மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களிலிருந்து பதினான்கு பெண்கள் வருகிறோம். தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் கலந்து இருக்கிறோம். ஏறக்குறைய எல்லோருடைய வீட்டிலும் யுத்தம் ஓர் ஆளைக் கொண்டு போயிருக்கிறது. மிச்சமிருந்ததில் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஒரு பங்கைக் கொண்டு போனது. எங்கள் கதைகளை முகநூல் போன்ற ஊடகங்களில் நாங்களே எழுதுவதற்குப் பழக வேண்டும் என்பது வகுப்பின் நோக்கம். படிப்பிக்க வருகிற பிள்ளைக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். மிகவும் பொறுமைசாலி.

அந்தப் பிள்ளைதான் இந்தச் செயற்கை நுண்ணறிவை விளக்கப்படுத்தினார். 2022 நவம்பர் 30 ஆம் திகதி சட் ஜிபிடி என்ற ஒன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு ஜெமினி, கிளோட் என்று வேறு பலவும் வந்தன. கையடக்கத் தொலைபேசியில் நாம் ஒன்றைக் கேட்டால், ஓர் ஆள் இருந்து பதில் எழுதுவது போல எழுதும். கடிதம் கேட்டால் கடிதம், கட்டுரை கேட்டால் கட்டுரை.

ஆனால் உள்ளே ஓர் ஆள் இல்லை. இணையத்திலும் புத்தகங்களிலும் மனிதர்கள் எழுதிவைத்த கோடானுகோடி வரிகளை அது பாடமாக எடுத்திருக்கிறது. ஒரு சொல் வந்தால் அதற்குப் பின்னால் எந்தச் சொல் வருவது வழக்கம் என்று கணித்து, ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போகிறது. அது நம் வீட்டைக் கண்டதில்லை, நம் கணவரைக் கண்டதில்லை. "கணவர் காணாமற்போனார்" என்று நாம் தொடங்கினால், உலகத்தில் அப்படியான கதைகளில் அடுத்து என்ன வருவது வழக்கமோ அதைப் போடும். வழக்கமானது எது என்று அதற்குத் தெரியும். நடந்தது எது என்று தெரியாது.

இது விளங்கியதும் எனக்கு அந்தப் பெட்டிசக்காரரின் நினைவுதான் வந்தது.

முதல் இரண்டு வாரமும் சிரிப்பாகத்தான் போனது. எனக்கு டைப் பண்ணத் தெரியாது. ஆனால் தொலைபேசியில் ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பேசினால் அதுவே தமிழில் எழுதிவிடுகிறது. "நான் பாவு போட்டேன்" என்று சொன்னேன். "நான் பாவம் போட்டேன்" என்று எழுதியது. அதைத் திருத்திக்கொண்டேன். பின்னர் "அவரைத் தேடிக் கச்சேரிக்குப் போய் அழுதேன்" என்று சொல்லி, இதை வடிவாக எழுதித் தா என்று கேட்டேன். கச்சேரியில் பாட்டுக் கேட்டு மனமுருகி நான் கண்ணீர் விட்டதாக ஒரு பந்தி எழுதித் தந்தது! வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அரசாங்க அதிபரின் காரியாலயத்தைக் கச்சேரி என்று சொல்லும் வழக்கம் அதற்குத் தெரியவில்லை. கிராம சேவகரைக் கிராம நிர்வாக அலுவலர் ஆக்கியது. சாறனை லுங்கி ஆக்கியது.

ஏன் இப்படி என்று கேட்டேன். அது படித்த தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் எழுதப்பட்டது, நாங்கள் எழுதியது அங்கே குறைவு என்றார் பிள்ளை. எழுதியவையும் பல காலமாகப் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் அச்சுத் தாளிலும் அடைபட்டுக் கிடந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் படம்பிடித்து இணையத்தில் சேர்த்துக்கொண்டு வருகிறது. அது பெரிய வேலை. ஆனால் தறியில் இருந்த பெண், வயலில் இருந்த பெண், கச்சேரி வாசலில் நின்ற பெண் எழுதியது எத்தனை? எழுதாததை யாரும் படம்பிடிக்க முடியாது.

மூன்றாவது வாரம்தான் சிரிப்பு நின்றது.

அன்று, அவரவர் கதையை நாலைந்து வரிகளில் சொல்லி, முகநூலுக்கு ஏற்ற முறையில் எழுதித் தரும்படி கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நான், "1990 இல் என் கணவர் சாறன் விற்க மட்டக்களப்புப் பக்கம் போனார். திரும்பி வரவில்லை. நான் பிள்ளைகளைத் தறி நெய்து வளர்த்தேன்" என்று சொன்னேன். ஒரு நிமிடத்தில் நீளமான கட்டுரை வந்தது. நான் மூக்குக் கண்ணாடியைக் கொண்டு போகவில்லை. பக்கத்தில் இருந்த பாண்டிருப்புச் சகோதரியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவருடைய அண்ணனை 1990 ஜூன் மாதம் கல்முனையில் வைத்துக் கொண்டு போனார்கள். அவரும் இன்றுவரை தேடிக்கொண்டிருப்பவர்தான்.

அவர் வாசித்துக்கொண்டு வந்தார். தமிழ் அழகாக இருந்தது. எனக்கே கண் கலங்கியது. திடீரென்று நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக அந்த வரியை வாசித்தார். ஆயுதம் ஏந்திய தமிழர்கள் என் கண் முன்னே என் கணவரை இழுத்துச் சென்றார்கள் என்று அதில் இருந்தது.

"ராத்தா, இது நீங்க கண்டதா?"

"இல்ல தங்கச்சி. நான் ஊட்டுல தறியில இரிந்தன்."

"அப்ப இத ஆரு சொன்ன?"

நான் சொல்லவில்லை. பிள்ளையும் சொல்லவில்லை. தொலைபேசி சொன்னது. பிறகு அவர் தன்னுடைய கட்டுரையைக் காட்டினார். "எதிரிகள் எங்கள் ஊரைச் சூழ்ந்தார்கள்" என்று தொடங்கியிருந்தது. "நான் எதிரி என்ற சொல்லே பாவிக்கல்ல ராத்தா. இத வாசிக்கிற ஆள் எதிரி என்று ஆரை நினைப்பான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் நடுவில் ஒரு வேலிதான் இருக்கிறது. அந்த வரியை நான் வாசிக்காமல் முகநூலில் போட்டிருந்தால், என் பெயரில், என் படத்தோடு, நான் காணாத ஒன்றைக் கண்டதாக ஊருக்குச் சொல்லியிருப்பேன். இந்தச் சகோதரியின் முகத்தைப் பிறகு எப்படிப் பார்ப்பேன்?

ஒரு வரியால் என்ன நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஒரு முஸ்லிம் சகோதரரின் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்ததென்று சண்டை தொடங்கியது. கருத்தடை மருந்து போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத அவர், கேட்டது என்னவென்று விளங்காமல், ஆம் என்று பொருள்படும்படி ஏதோ சொல்லிவிட்டார். அதைப் படம்பிடித்து முகநூலில் விட்டார்கள். அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி என்று தெரியவந்தது. சாப்பாட்டில் கலந்து ஓர் ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஆனால் காணொளி போன வேகத்தில் பரிசோதனை அறிக்கை போகவில்லை. அடுத்த வாரம் கண்டிப் பக்கம் திகனவில் வேறொரு காரணத்தால் தொடங்கிய கலவரத்துக்கும் அந்தக் காணொளி எண்ணெய் வார்த்தது. மார்ச் 7 ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்களுக்கு முடக்கியது. முகநூல் நிறுவனம் தன் பங்குக்கு 2020 இல்தான் மன்னிப்புக் கேட்டது.

விளங்காத ஒன்றுக்கு அந்தச் சகோதரர் சொன்ன "ஆம்" என்பதும், 1991 இல் நான் வைத்த கையெழுத்தும், வாசிக்காமல் நாம் அழுத்தும் பொத்தானும் ஒரே விதமானவைதான். அவரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள், அவருக்கு வேறு வழியில்லை. எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை. நாங்கள் நின்று வாசிக்கலாம்.

அப்படியென்றால் இந்தப் புதிய பெட்டிசக்காரரை வேண்டாம் என்று தள்ளிவிடுவதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பழையவரிடம் நான் செய்ய முடியாத ஒன்றை இதனிடம் செய்யலாம். திருப்பிக் கேட்கலாம். "இது பிழை, எடு" என்று சொல்லலாம். பத்துத் தரம் கேட்டாலும் முகம் சுளிக்காது. வகுப்பில் பழகியவற்றில் எனக்குப் பிரயோசனப்பட்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, எழுதித் தா என்று கேட்காமல், எழுத்துப் பிழையைத் திருத்தித் தா என்று மட்டும் கேளுங்கள். "நான் சொல்லாத எதையும் சேர்க்காதே, என் ஊர்ச் சொற்களை மாற்றாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் சில வேளை சேர்க்கும். ஆகவே அது தந்ததை வாசிக்காமல் விடக் கூடாது.

இரண்டாவது, ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம் போடுங்கள். நான் கண்டதற்கு ஒரு கோடு. கேட்டதற்கு ஒரு வட்டம். இரண்டும் இல்லாதது யார் போட்டது என்று பாருங்கள், அதை வெட்டிவிடுங்கள். கேட்டதை எழுதும்போது "கேள்விப்பட்டேன்" என்றே எழுதுங்கள். அதில் வெட்கம் இல்லை. காணாமற்போனோர் அலுவலகம் 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெறுவதற்கும் அதே வருடம் சட்டம் வந்தது. இப்படியான இடங்களுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் ஒன்றும் முகநூலில் வேறொன்றும் இருந்தால், அடிபடுவது நம் உண்மைதான். நான் அனுபவித்தவள், அதனால் சொல்கிறேன்.

மூன்றாவது, ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கடிதம் எழுதுவித்தால், அதையே மறுபடியும் தமிழில் வரிக்கு வரி சொல்லும்படி கேளுங்கள். அதன் பிறகு அந்த மொழி தெரிந்த ஒரு பிள்ளையிடமும் காட்டுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் மாத்திரம் கையெழுத்து வையுங்கள். அலுவலகங்களிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களையும் இப்படி விளங்கிக்கொள்ளலாம். ஆனால் திகதி, தொகை, சட்டப் பிரிவு போன்றவற்றை அதன் பேச்சை மட்டும் நம்பி எழுதக் கூடாது. தெரியாததையும் தெரிந்தது போலச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு.

நான்காவது, மற்றவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், படம் எதையும் அதற்குள் போடாதீர்கள். நாம் எழுதுவது வெளிநாட்டில் இருக்கும் கணினிக்குப் போகிறது. அதைப் படித்துத் தன்னை இன்னும் பழக்கிக்கொள்ளவும் கூடும். சாட்சி சொன்ன அயலவரின் பெயரை அவரைக் கேளாமல் எழுதும் உரிமை நமக்கு இல்லை.

ஐந்தாவது, உங்கள் சொந்தப் பெயரில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் புனைபெயரில்தான் எழுதுகிறார். அந்தப் பெயர் இன்று கடல் தாண்டியும் தெரியும். ஏறாவூர் எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் கொல்லப்பட்டுவிட்டதாக 2015 இல் ஒரு பொய்ச் செய்தியைப் படத்துடன் பரப்பினார்கள். அவர் உயிரோடுதான் இருந்தார். எழுதிய பெண்ணுக்கு அப்படிச் செய்தார்கள். இன்று பொய்ப்படம் செய்வது அன்றையிலும் இலகு. ஆகவே எழுதுங்கள், ஆனால் யோசித்துக்கொண்டு எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நான்காவது வாரம் அந்தப் பிள்ளை, "ராத்தா, நீ எழுதாதே, என்னிடம் கேள்வி கேள் என்று சொல்லிப் பாருங்கள்" என்றார். அப்படியே சொன்னேன். ஐந்து கேள்விகள் வந்தன. நான்கு சாதாரணமானவை. ஐந்தாவது, அன்று அவர் போகும்போது எதைக் கொண்டு போனார், எதை விட்டுப் போனார் என்று கேட்டது.

முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக என்னை விசாரித்த யாரும் அப்படிக் கேட்கவில்லை. யார் கொண்டு போனது, எங்கே, எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள். எனக்குத் தெரியாதவற்றையே கேட்டார்கள். இது எனக்குத் தெரியும்.

அவர் கணக்குக் கொப்பியை மறந்து வைத்துவிட்டுப் போனார். வாசல் வரைக்கும் போனவரை நான் கூப்பிட்டிருக்கலாம். தறிச் சத்தத்தில் கூப்பிடவில்லை. பின்னேரம் வந்து எழுதுவார்தானே என்று இருந்துவிட்டேன். கடல் வந்தபோது வீடும் தறியும் போய்விட்டன. கொப்பி சம்மாந்துறையில் என் தங்கையின் வீட்டில் இருந்தபடியால் தப்பியது. வகுப்பு முடிந்து போய் அதை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தில், "நீலக்கட்டம் 7, பச்சைக்கரை 5, மொத்தம் 12" என்று இருக்கிறது. பன்னிரண்டும் நான் நெய்தவை.

அன்றிரவு நானே ஒன்பது வரி எழுதினேன். எழுத்துப் பிழையை மட்டும் தொலைபேசியிடம் திருத்துவித்தேன். "அவரை யார் கொண்டு போனார்கள் என்று நான் காணவில்லை" என்பதுதான் முதல் வரி. அந்த வரியை எழுதப் பயந்துகொண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தேன். காணவில்லை என்று சொன்னால் என் பேச்சை யார் எடுப்பார்கள் என்று நினைத்தேன். பாண்டிருப்புச் சகோதரி வாசித்துவிட்டு, "இத நான் என்ட பேருலயும் போடலாம் ராத்தா. எனக்கும் இதுதான்" என்றார். அவரும் அடுத்த கிழமை தன் அண்ணனைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். "எதிரிகள்" என்ற சொல் அதில் இல்லை. அண்ணன் சைக்கிளைச் சுவரில் சாத்திவைத்துவிட்டுப் போன கதை இருந்தது.

கேள்வி கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுதான். எழுதத் தெரியாது என்று இனி நாம் ஒதுங்கி இருக்கத் தேவையில்லை. டைப் அடிக்கவும் பிழை திருத்தவும் கேள்வி கேட்கவும் ஓர் ஆள் கையிலேயே வந்திருக்கிறது. ஆனால் அது சாட்சி சொல்ல முடியாது. சாட்சி நாங்கள்தான். கையெழுத்தும் எங்களுடையதுதான்.

உங்களிடமும் இந்தக் கேள்வியை விட்டுவைக்கிறேன். உங்கள் ஆள் போகும்போது எதை விட்டுப் போனார்? ஐந்து வரி போதும். தொலைபேசியில் எழுதினாலும் சரி, கொப்பித் தாளில் எழுதினாலும் சரி, இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள். பெயர் போட விருப்பமில்லையென்றால் ஊரின் பெயரை மட்டும் எழுதுங்கள். உங்கள் சொல் எதையும் மாற்றாமல் பிரசுரிப்போம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.